70 வளைவு இறங்கும் முன்னே சேதி சொல்லும் நெஞ்சுப் பட்டை!

மலையில் இருக்கும் பலவீன இதயத்துக்குக் கீழே இருந்தே காவல் - கருவி கூப்பிட்டால் எடுத்துப் பேச ஆள் உண்டா?

நாமக்கல்-

கொல்லிமலை திண்ணனூர் நாட்டில் ஒருவருக்கு நடுராத்திரியில் மூச்சு முட்டினால் என்ன செய்வது?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் மலை இறங்க வேண்டும். காரவள்ளி அடிவாரத்துக்கு வரும் மெயின் ரோட்டில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆடிப்பெருக்கில் வல்வில் ஓரி விழாவுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த ரோடு தெரியும். நல்ல உடம்புக்காரர்களுக்கே தலை சுற்றும், குமட்டும். படுக்கக் கூட முடியாமல் மூச்சு வாங்கும் ஆளை வண்டியில் உட்கார வைத்து இறக்கினால்? கூட வருகிறவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு யுகம்!

அதே ஆளுக்கு, மூச்சு முட்டப் போகிறது என்று நாலைந்து நாள் முன்னாலேயே தெரிந்தால்? பட்டப்பகலில் பஸ்ஸில் இறங்கி டாக்டரைப் பார்க்கலாம். சில சமயம் இறங்கவே வேண்டாம். போனிலேயே மாத்திரையைக் கூட்டிக் குறைத்து ஆபத்தைத் தாண்டிவிடலாம்.

முன்கூட்டியே தெரியுமா?

தெரியும் என்கிறது இன்றைய வைத்தியம். நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பட்டை, இல்லாவிட்டால் படுக்கைக்கு அடியில் விரிக்கும் ஒரு தகடு, இரவும் பகலும் உடம்பை வேவு பார்த்து எங்கோ இருக்கும் டாக்டருக்குத் தகவல் அனுப்புகிறது. வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் தூரத்துக் கண்காணிப்பைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சில இடத்தில் வெற்றி. சில இடத்தில் படுதோல்வி!

ஏன் தோற்றது, ஏன் ஜெயித்தது என்பதில்தான் கொல்லிமலைக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

மாரடைப்பு வேறு, இது வேறு

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. இந்தப் பம்புக்கே ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. பம்ப் நிற்காமல், ஆனால் இளைத்துப்போய், தேவையான அளவு தள்ள முடியாமல் திணறினால் அதற்குப் பெயர் இதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டு இதயமே நின்றுபோனதாகப் பயப்பட வேண்டாம். பலவீனம் என்று புரிந்துகொண்டால் போதும்.

முன்பு வந்த மாரடைப்பு, பல வருஷம் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சின்ன வயசில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வு, குடி - எல்லாமே இதில் கொண்டுபோய் விடும்.

எப்படித் தெரியும்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மாலையில் செருப்பு இறுக்கும். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். ஒரு தலகாணி போதாமல் இரண்டு கேட்கும். ராத்திரி திடீரென்று எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும்.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். அங்கேதான் ஆபத்து ஆரம்பம்!

இந்த நோய் எவ்வளவு பொல்லாதது என்பதற்குப் பக்கத்து மாநிலத்துக் கணக்கு ஒன்று உண்டு. 2013-ல் திருவனந்தபுரம் பகுதியில் இதயப் பலவீனத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,205 பேரை டாக்டர்கள் விடாமல் கவனித்து வந்தார்கள். சராசரி வயது 61. ஒரு வருஷத்துக்குள் 100-க்கு சுமார் 31 பேர் இறந்துவிட்டார்கள். ஐந்து வருஷத்தில் 59 பேர் இல்லை!

தராசு சொல்லும் ரகசியம்

ஆனால் இந்த நோயிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது. மாரடைப்பு மாதிரி திடீரென்று பாயாது. சொல்லிவிட்டு வரும்.

இதயம் சரியாகத் தள்ளாவிட்டால் சிறுநீரகம் ஏமாந்துபோகிறது. உடம்பில் ரத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்து, வெளியே போக வேண்டிய உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் முதலில் காலில் இறங்கும். வயிற்றில் சேரும். கடைசியில் நுரையீரலில் தேங்கும். அப்போதுதான் மூச்சு முட்டல்.

1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பாடு கூடாமல் மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர்! ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு ஒரு வாரம் முன்பே எடை ஏறத் தொடங்கிவிடுகிறது என்று 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

இதயத்துக்குப் பக்கத்து ரத்தக் குழாயில் அழுத்தம் அதற்கும் முன்னாலேயே ஏறும். அதை அளக்க, குழாய்க்குள்ளேயே ஒரு சில்லு வைக்கும் முறையும் வந்துவிட்டது. 550 பேரிடம் நடந்த அந்தச் சோதனையில், ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதம் குறைந்தது. 2014-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் அது வசதி உள்ள ஆஸ்பத்திரியில், குழாய் நுழைத்து வைக்க வேண்டிய சாமான். மலைக்காரருக்கு அது எட்டாக் கனி.

மேலே ஒட்டிக்கொள்ளும் பட்டைக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அரை மூட்டை அரிசி கனத்த கருவி!

இதயத்தின் சேதியைத் தூரத்துக்கு அனுப்பும் ஆசை நேற்றுப் பிறந்தது அல்ல.

1905-லேயே ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் ஐந்தோவன் என்ற விஞ்ஞானி, ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பை டெலிபோன் கம்பி வழியாக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். இன்று எல்லா ஆஸ்பத்திரியிலும் எடுக்கும் ஈ.சி.ஜி.க்கு வழி செய்தவர் அவர்தான். 1924-ல் நோபல் பரிசு பெற்றார்.

பிறகு 1940-களில் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் நார்மன் ஹோல்டர் என்பவர், நடமாடும் மனிதனின் இதயத் துடிப்பை ரேடியோ அலையில் அனுப்பும் கருவி செய்தார். முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும். கனம்? சுமார் 38 கிலோ! 75 கிலோ அரிசி மூட்டையில் பாதி. அதைச் சுமந்தால் நல்ல இதயமும் இளைத்துப்போகும்!

இன்றோ அந்த வேலையை உள்ளங்கைக்குள் அடங்கும் பட்டை செய்கிறது.

பட்டை என்ன பார்க்கும்?

துடிப்பு எத்தனை, மூச்சு எத்தனை, எவ்வளவு நடந்தார், எவ்வளவு தூங்கினார், மல்லாந்து படுத்தாரா, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாரா - எல்லாவற்றையும் பதிவு செய்யும்.

சில வகைக் கருவிகள் நெஞ்சின் குறுக்கே உடம்புக்கே தெரியாத அளவு மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கும். காற்று நிறைந்த நுரையீரலில் மின்சாரம் சிரமப்பட்டு ஓடும். தண்ணீர் தேங்கினால் சுலபமாக ஓடும். அந்த வித்தியாசத்தை வைத்து உள்ளே ஈரம் கூடுகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

படுக்கைக்கு அடியில் விரிக்கும் தகட்டை உடம்பில் ஒட்ட வேண்டாம். துடிப்பிலும் மூச்சிலும் உடம்பு லேசாக அதிர்வதை வைத்தே கணக்குப் போடும். பெங்களூர் கம்பெனி ஒன்று இந்த வகைக் கருவியை நம் நாட்டிலேயே செய்கிறது.

கருவியில் உள்ள தகவல் செல்போனுக்குப் போகும். செல்போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். அந்த ஆளின் வழக்கமான துடிப்பு, மூச்சு, நடமாட்டம் என்ன என்பதைக் கம்ப்யூட்டர் முதலில் கற்றுக்கொள்ளும். அதிலிருந்து விலகினால் எச்சரிக்கும்.

மலைக்கு இது ரொம்ப முக்கியம். மிளகுக் கொடியில் ஏறுகிறவர், மரவள்ளிக் கிழங்கு சுமந்து மேட்டில் நடப்பவர் - இவர்களுக்குத் துடிப்பு ஏறுவது சகஜம். ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கை வைத்து இவர்களை அளந்தால் தினம் பத்துப் பொய் மணி அடிக்கும்.

ஆறரை நாள் முன்னறிவிப்பு

இந்தப் பட்டையை அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான 4 ஆஸ்பத்திரிகளில் 100 நோயாளிகளுக்கு ஒட்டிப் பார்த்தார்கள். மூன்று மாதம் வரை கண்காணித்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது.

நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரப் போகிறவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் கருவி கண்டுபிடித்துவிட்டது. எத்தனை நாள் முன்னால்? பாதிப் பேருக்கு ஆறரை நாளோ அதற்கு மேலோ!

ஆறரை நாள் என்றால் என்ன அர்த்தம்? நகரத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் இருப்பவருக்கு அது பெரிய விஷயம் இல்லை. திண்ணனூர் நாட்டுக்காரருக்கோ, ராத்திரி 70 வளைவுக்கும் பகல் நேரத்து பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம். மலைக்காரருக்கு இந்தக் கருவி கொடுப்பது அவகாசம்!

ஆனால் அவசரப்பட்டுக் கை தட்ட வேண்டாம். அந்த 100 பேரில் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். மலையில் விறகும் தண்ணீரும் சுமக்கும் பெண்ணுக்கு அதே கணக்கு பொருந்துமா என்று அங்கே சோதிக்கவில்லை. தவிர, அது சேதி சரியாக வருகிறதா என்று பார்த்த சோதனைதான். சேதியை வைத்து உயிரைக் காப்பாற்ற முடியுமா என்பது அடுத்த கேள்வி.

கருவி இருந்தும் தோல்வி

அந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய சோதனைகள் இரண்டு விதமாகப் பதில் சொல்லின.

முதலாவது அமெரிக்காவில். 2010-ல் முடிவு வெளியானது. மொத்தம் 1,653 நோயாளிகள். அவர்களில் ஒரு பாதியினர் தினம் ஒரு டெலிபோன் நம்பரைச் சுழற்றி, எடை எவ்வளவு, மூச்சு எப்படி என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். மறுமுனையில் பேசுவது டேப் குரல். பதிவான தகவலை நர்சுகளும் டாக்டர்களும் பிறகு பார்ப்பார்கள்.

என்ன ஆயிற்று? ஏழு பேரில் ஒருவர் ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லை. ஆறு மாத முடிவில், வாரம் மூன்று தடவையாவது கூப்பிட்டவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல். சாவும் குறையவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறையவில்லை!

இரண்டாவது ஜெர்மனியில். 2018-ல் முடிவு வெளியானது. 1,571 பேர். இதிலும் ஒரு பாதியினர் தினம் காலையில் எடை, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆகியவற்றை வீட்டிலிருந்தே அனுப்பினார்கள். இங்கே ஒரு பெரிய வித்தியாசம். பெர்லின் நகரத்து சாரிட்டே ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் நர்சுகளும் 24 மணி நேரமும் உட்கார்ந்திருந்தார்கள். எண் தப்பினால் உடனே நோயாளிக்குப் போன். ஊர் டாக்டருக்கும் போன்.

பலன்? கண்காணிப்பு இல்லாதவர்களில் ஆண்டுக்கு 100-க்கு 11 பேர் இறந்தார்கள். கண்காணிப்பில் இருந்தவர்களில் 8 பேர். கிராமத்து நோயாளிகளும் இதில் இருந்தார்கள். 2020 டிசம்பரில், இந்தக் கண்காணிப்பு இன்ஷூரன்சில் சேர வேண்டும் என்று ஜெர்மனியில் முடிவெடுத்தார்கள்.

இரண்டு இடத்திலும் எடை பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் தகவல் போனது. ஓரிடத்தில் டேப் குரல் கேட்டுக்கொண்டது. இன்னோரிடத்தில் மனிதக் குரல் திரும்பக் கூப்பிட்டது. சோதனைகளில் வேறு வித்தியாசங்களும் உண்டு. ஆனால் இந்த வித்தியாசத்தை யாரும் ஒதுக்கிவிட முடியாது.

நம் ஊரில் நடந்தது

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குத்தான் சரி" என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

மாரடைப்பு நோயாளிகளுக்காகத் தமிழ்நாட்டிலேயே 2012 முதல் 2014 வரை ஒரு திட்டம் நடந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். நோயாளியின் ஈ.சி.ஜி.யை எடுத்த இடத்திலிருந்தே பெரிய டாக்டருக்கு அனுப்பினார்கள். 108 ஆம்புலன்ஸைக் கூட்டுச் சேர்த்தார்கள். மொத்தம் 2,420 நோயாளிகள். திட்டத்துக்கு முன்பு ஒரு வருஷத்தில் 100-க்கு 17.6 ஆக இருந்த சாவு, பிறகு 14.2 ஆகக் குறைந்தது. அங்கேயும் சேதி அனுப்பும் கருவி பாதி, சேதி கிடைத்ததும் எழுந்து ஓடிய ஆட்கள் பாதி!

மலையில் என்ன இருக்கிறது?

கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே "நாடு" என்றுதான் பெயர். வளவந்தி நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று நீளும் வரிசையில் திண்ணனூர் நாடும் ஒன்று. மலையாளி பழங்குடி மக்கள். காப்பி, மிளகு, அன்னாசி, மரவள்ளி, சாமை. வீடுகள் தோட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கும்.

செம்மேட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கீழே நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. அதற்கும் மேலே சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 108 வண்டி 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது. டாக்டர் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் சொல்லலாம் என்று 2020 மார்ச் 25-ல் மத்திய அரசு விதிமுறையே வெளியிட்டுவிட்டது.

இதையெல்லாம் விட முக்கியம், வீட்டு வாசலுக்கு வரும் பெண். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், தன்னார்வப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள்.

இதயப் பலவீனத்துக்கு முதல் வாசலே ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும்தான். ஆகவே காவல்காரி ஏற்கனவே ஊருக்குள் வந்துவிட்டாள்! அவள் பார்க்கும் வீடுகளில் இதயப் பலவீனம் உள்ளவர் யார் என்று ஒரு பட்டியல், அவர்களுக்கு ஒரு எடை மெஷின், ஒரு நோட்டு, கூப்பிட ஒரு நம்பர் - இவ்வளவு இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பட்டை அதற்கு மேல் வரட்டும்.

நாலு கேள்வி

மலைக்குப் பட்டை கொண்டு வருகிறவர்கள் நாலு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

சிக்னல்: மலை மடிப்பில் சிக்னல் கிடைக்கும் மேடும் உண்டு, கிடைக்காத பள்ளமும் உண்டு. சிக்னல் வரும் வரை தகவலைச் சேர்த்து வைத்து அனுப்பும் கருவியாக இருக்க வேண்டும்.

சார்ஜ்: கரண்ட் போகும் நாளில் கருவியும் படுத்துவிடக் கூடாது. வியர்வையில் பட்டை உரியக் கூடாது.

தோல் நிறம்: விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி, கறுத்த தோலில் உண்மையை விட அதிகமாகக் காட்டிவிடுகிறது என்று 2020-ல் அமெரிக்க டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். வெயிலில் காயும் நம் ஜனங்களுக்கு இது விளையாட்டு அல்ல. எண் நன்றாக இருந்தாலும் ஆள் திணறினால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

போனை எடுப்பது யார்: மணி அடிக்கும்போது மறுமுனையில் யார்? ராத்திரி 2 மணிக்கும் இருப்பாரா? மாத்திரையைக் கூட்டச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா? அந்த மாத்திரை மலையிலேயே கிடைக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மற்ற மூன்றுக்கும் பதில் இருந்து பிரயோஜனம் இல்லை!

கீழே இருப்பவர்களுக்கும்தான்

இது மலைக்காரர் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். காலையிலிருந்து ராத்திரி வரை காலைத் தொங்கப்போட்டுக் கல்லாவில் உட்காருகிறவர்கள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறவர்கள் - எல்லோருக்கும் பொருந்தும்.

இதயப் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தால், பட்டை வரும் வரை காத்திருக்க வேண்டாம். தினம் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். காலண்டரிலேயே குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினாலோ, கால் வீங்கினாலோ, தலகாணி இன்னொன்று தேவைப்பட்டாலோ, அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் - உப்புக்காரர்களிடம் உஷார்! தண்ணீர் போகும் மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

கையில் கட்டும் கடிகாரம் "எல்லாம் நலம்" என்று காட்டுகிறதே என்று மூச்சுத் திணறலோடு வீட்டில் படுத்திருப்பது மடத்தனம். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

பட்டை ஆறரை நாள் முன்னால் கூப்பிடும். தராசு ஒரு வாரம் முன்னால் கூப்பிடும். வீங்கிய கால் தினம் கூப்பிடுகிறது. திண்ணனூர் நாட்டிலிருந்து கூப்பிட்டால் கீழே எடுத்துப் பேச ஒரு ஆளை உட்கார வைப்பதுதான் பாக்கி!